ஈயத்தைக் குறைத்துவிட்டு மீனைக் குறை சொல்லுங்கள்

கே: கரையோரச் சங்கரா மீனைத் தூண்டிலில் பிடிக்க உயிர் இரையா, வெட்டிய இரையா?
ப: எது புதியதோ அது. இருமுறை உறையவைத்து எடுத்த கணவாயைவிட, அன்று நறுக்கிய மத்தித் துண்டு மேல்.

கே: இரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு விலகிவிடுகிறது. என்ன காரணம்?
ப: என்ன முள், இரையை இறக்க எவ்வளவு ஈயக் குண்டு, எத்தனை அடி ஆழம், ஒன்றும் எழுதவில்லை. நான் ஜோசியம் பார்ப்பதில்லை. இருந்தாலும் ஈயம்தான் என்று பந்தயம் கட்டுவேன். இப்படி வரும் கடிதங்களில் பெரும்பாலும் அதுதான் குற்றவாளி. ஒருமுறை தெளிந்த நீரில், இரண்டு ஆள் ஆழத்தில், படகில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தூவிய மத்தித் துணுக்குகள் சருகுபோல ஆடி ஆடி இறங்கின. சங்கராக்கள் பாதி நீருக்கு ஏறிவந்து அவற்றை விழுங்கின. நடுவே என் துண்டு மட்டும் கல்லாக இறங்கியது. பெரிய மீன் ஒன்று ஒரு சாண் தூரம்வரை வந்து, திரும்பிப் போய்விட்டது. ஈயத்தைக் கழற்றினேன், மூன்றாம் வீச்சில் தூண்டில் நரம்பு விரலில் உருவிக்கொண்டு ஓடியது. நீரோட்டம் இல்லையென்றால் ஈயமே வேண்டாம். இருந்தால் பட்டாணி அளவு போதும். அதுவும் நரம்பில் தடையின்றி ஓட வேண்டும், இறுக்கிக் கடிக்க வைத்ததாக இருக்கக் கூடாது. எடை தெரிந்தால் மீன் துப்பிவிடும். ஆறடி நீரில் 100 கிராம் ஈயத்தைக் கட்டிவிட்டு எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்.

கே: வட்ட முள்ளில் (முனை உள்நோக்கி வளைந்தது) வெடுக்கென்று இழுத்தும் மீன் தப்புகிறதே?
ப: இழுத்ததால்தான் தப்புகிறது. நரம்பு இறுகட்டும், பிறகு நிதானமாக ரீலைச் சுற்றுங்கள். முள் தானே வாயோரத்தில் ஏறும். முள்முனை இரைக்கு வெளியே தெரிய வேண்டும். எத்தனை முறை எழுதுவது?

கே: புளூரோகார்பன் லீடர் (முள்ளுக்கு முன்னால் கட்டும் தனி நரம்புத் துண்டு) அவசியமா?
ப: கலங்கிய நீரில் வீண்செலவு. தெளிந்த நீரில் ஒரு பாகம், அதாவது இரு கை விரித்த நீளம், கட்டுங்கள். அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.42, நைலானைவிட நீரின் 1.33-க்கு அருகில் இருக்கிறது, அதனால் நீரில் கொஞ்சம் குறைவாகத் தெரியும். அதற்காக மாயமாக மறைந்துவிடாது. முடிச்சை நனைத்து இறுக்குங்கள். பாறையில் உரசிய பகுதியை வெட்டி எறியுங்கள்.

கே: கணவாய்த் துண்டு சுழன்று நரம்பு முறுக்கிக்கொள்கிறது.
ப: நடுவில் குத்தினால் சுழலத்தான் செய்யும். நீளவாக்கில் கத்தரித்து, ஒரு நுனியில் ஒரே முறை குத்துங்கள். முனை வெளியே!

கே: எந்த நேரம் நல்லது?
ப: விடியலும் அந்தியும். உச்சி வெயிலில், ஆழமில்லாத நீரில், படகுப் பலகையில் டப்பாக்களை உருட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எந்த இரையும் உதவாது.