‘ஆறு இப்போது எத்தனை?’: வாசகர் கேள்வி பதில்

பிலிப்பைன்ஸில், மணிலா பெருநகரத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிற மரிக்கினாவில் நான் குடியிருக்கும் தெருவைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. முடிந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மழைக்காலத்தில் உங்கள் தெருவில் ஒருவரையொருவர் பார்த்தால் ‘ஆறு எத்தனை’ என்றுதான் கேட்பார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அது என்ன கணக்கு?
- வாசகி, கும்பகோணம்

மரிக்கினா ஆற்றின் நீர்மட்டம் அம்மா, மீட்டரில். 15 தொட்டால் முதல் சங்கு ஊதும், தயாராக இரு என்று அர்த்தம். 16 என்றால் கிளம்பு. 18 என்றால் கட்டாயமாக வெளியேற வேண்டும். வாய்ப்பாடு தெரியாத பிள்ளைக்குக்கூட இந்த மூன்று எண்ணும் தெரியும்.

இது இப்படி மனசில் பதிந்து போனதற்குக் காரணம் 2009 செப்டம்பர் 26, சனிக்கிழமை. உலகம் கெட்சானா என்று சொன்ன புயலுக்கு இங்கே ஓந்தோய் என்று பெயர், ஏனென்றால் தன் எல்லைக்குள் வரும் புயலுக்கு இந்த நாட்டு வானிலைத் துறை தானே ஒரு பெயர் வைக்கும். எங்கள் தெருவில் காற்று பெரிதாக இல்லை, மழை மட்டும்தான். பக்கத்து நகரமான கெசோன் சிட்டியில் 24 மணி நேரத்தில் 455 மில்லிமீட்டர் பதிவானது. நான் இங்கே வந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை, தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தேன். மதியத்துக்கு உலை வைத்தேன், அரிசி வேகும் முன்னே தண்ணீர் வாசற்படி ஏறிவிட்டது. எதிர்வீட்டு லோலா, அதாவது பாட்டி, மாடியிலிருந்து என்னைப் பார்த்துக் கத்துகிறார், அப்போது அவர் பாஷை எனக்குப் பாதி புரியாது, ஆனாலும் கையசைத்துக் கூப்பிட்டது புரிந்தது. அந்த மாடியில் 19 பேர் இரண்டு இரவு இருந்தோம். இஞ்சி போட்ட அரிசிக் கஞ்சியை லுகாவ் என்பார்கள், இருந்தது ஆறே கிண்ணம், முதல் ஆறு பேர் குடித்ததும் மழைத்தண்ணீரில் கழுவி அடுத்த ஆறு பேருக்கு. கீழே யாருடைய குளிர்சாதனப் பெட்டியோ தெரு நடுவில் மெதுவாகச் சுற்றிக்கொண்டே போனது, அதன் கதவு திறந்து திறந்து மூடியது. அந்தக் காட்சி இன்னும் கனவில் வருகிறது.

அன்றைக்கு ஆறு 21.5 மீட்டர். 2020 நவம்பர் 12 அன்று யுலிசிஸ் புயலில் அதையும் தாண்டி 22. ஆனால் அந்த இரவில் எங்கள் தெருவில் ஆள் கிடையாது, சங்கு கேட்டதும் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டோம். அப்புறம் 2024 ஜூலை 24, காரினா, 20.7. இப்போது சொல்லுங்கள், ‘ஆறு எத்தனை’ என்று கேட்காமல் வேறு எதைக் கேட்பது?

அங்கே மளிகைச் சாமான் எங்கே வாங்குவீர்கள்? நம் ஊர் அண்ணாச்சி கடை மாதிரி ஏதாவது உண்டா?
- வாசகர், கோவில்பட்டி

உண்டு, தெருவுக்கு இரண்டு மூன்று. சாரி-சாரி கடை என்பார்கள், சாரி-சாரி என்றால் ‘பலதும்’. வீட்டின் முன்னறை ஜன்னல்தான் கடை. கம்பிவலைக்கு வெளியே நின்று ‘பபிலி போ’ என்று குரல் கொடுக்க வேண்டும், ‘வாங்க வந்திருக்கேங்க’ என்கிற மாதிரி. ஒரு பூண்டு, ஒரு சிகரெட், ஒரு பாக்கெட் ஷாம்பு, சின்னப் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்ட இரண்டு கரண்டி எண்ணெய், எல்லாம் அன்றன்றைக்குத் தேவையான அளவு. இப்படிச் சில்லறையாக வாங்குவதற்கே ‘திங்கி’ என்று தனிச்சொல் இருக்கிறது. அன்றாடக் கூலி வாங்குகிறவருக்கு அது பெரிய உதவி, ஆனால் அந்தப் பாக்கெட்டுகள் அத்தனையும் சாக்கடையை அடைத்து மழைக்காலத்தில் நம்மிடமே திரும்பி வருகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கடையில் ஓர் அட்டை தொங்கும்: இன்று கடன் கிடையாது, நாளைக்குத் தரலாம். நம் ஊர் ‘இன்று ரொக்கம் நாளை கடன்’தான்! ஆனால் அட்டைக்குப் பின்னால் கடன் நோட்டும் இருக்கும். ஓந்தோய் வெள்ளத்தில் எங்கள் கடைக்கார அக்காவின் நோட்டு ஆற்றோடு போய்விட்டது. அவர் யாரையும் கேட்கவில்லை, யாரிடம் என்ன இருக்கும் என்று கேட்பது? இரண்டு மூன்று வாரம் கழித்து ஒவ்வொருவராக ஜன்னலுக்கு வந்து, என் கணக்கு இவ்வளவு, எழுதிக்கொள் என்றார்கள். எல்லாரும் வரவில்லை. வந்தவர்கள் பெயரில் தொடங்கிய புது நோட்டை அவர் இன்னும் வைத்திருக்கிறார், எனக்குக் காட்டியிருக்கிறார், முதல் பக்கத்தில் என் பெயரும் உண்டு, 86 பெசோ.

என் மகன் மணிலாவில் மருத்துவம் படிக்கிறான். போனில் பேசும்போது பின்னால் யாராவது ‘போ, போ’ என்கிறார்கள். அவனை விரட்டுகிறார்களா?
- வாசகி, நாமக்கல்

கவலையே வேண்டாம். அது மரியாதைச் சொல். உங்கள் பக்கத்து ‘ங்க’ இருக்கிறதே, வாங்க, சரிங்க, அதேதான் இந்த ‘போ’. ஜீப்னி என்கிற சிற்றுந்தில் ஏறினால் காசை முன்னால் இருப்பவர் கையில் கொடுத்து ‘பயாத் போ’ என்போம், கட்டணம் இந்தாங்க என்று, அது கை மாறிக் கை மாறி ஓட்டுநரிடம் போகும், மீதியும் அப்படியே திரும்பி வரும். மூத்த ஆண் என்றால் ‘கூயா’, மூத்த பெண் என்றால் ‘ஆத்தே’, அண்ணன், அக்கா. உங்கள் மகனை இந்த மூன்று சொல்லையும் தாராளமாகப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

இந்தியர் என்றால் அங்கே எப்படிப் பார்க்கிறார்கள்?
- வாசகர், திருநெல்வேலி

நேராகவே சொல்கிறேன். ‘பும்பாய்’ என்பார்கள், பம்பாயிலிருந்து வந்த சொல். மோட்டார் சைக்கிளில் வந்து வட்டிக்குக் கொடுக்கும் பஞ்சாபிக்காரர்தான் அவர்கள் மனதில் உள்ள இந்தியர். ‘ஐந்து-ஆறு’ என்று அந்தக் கடனுக்குப் பெயர்: ஐந்து வாங்கினால் ஆறு திருப்ப வேண்டும், நூற்றுக்கு இருபது வட்டி. குடை, போர்வை, மின்விசிறியும் தவணைக்குத் தருவார். அடம்பிடிக்கும் குழந்தையை, பும்பாய் சாக்கில் போட்டுக்கொண்டு போய்விடுவான் என்று பயமுறுத்தும் வழக்கம் இருந்தது, நம் ஊர் பிள்ளை பிடிக்கிறவன் மாதிரி. வந்த புதிதில் என்னைப் பார்த்து ஒரு பையன் அம்மா பின்னால் ஒளிந்தபோது எனக்கு மிகவும் வலித்தது. வட்டி கொடுமைதான், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் வங்கி கேட்கும் காகிதம் ஒன்றுகூட இல்லாத கடைக்கார அக்காவுக்கு வெள்ளத்துக்குப் பிறகு சரக்கு போட முதல் தந்தவரும் அவர்தான்.

இமெல்டா மார்கோஸின் செருப்புகள் உங்கள் ஊரில்தானே இருக்கின்றன?
- வாசகர், மதுரை

ஆமாம், முன்னாள் அதிபர் மார்கோஸின் மனைவியான அவருடைய செருப்புகள் 2001ல் திறந்த காலணி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆனால் மரிக்கினாவின் காலணித் தொழில் அவரால் வந்ததில்லை, அது 1887ல் கபித்தான் மோய் என்று எல்லாரும் அழைக்கும் லவ்ரியானோ கெவாரா தொடங்கி வைத்தது. அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் அப்படியே ஒரு பட்டறைக்கும் போக வேண்டும் என்பது என் ஆசை. மலிவான இறக்குமதி வந்த பிறகு பல பட்டறைகள் மூடிவிட்டன, இருக்கிறவற்றில் தோலைக் கால் வடிவ மர அச்சில் இழுத்து ஆணி அடிக்கும் சத்தம் இன்னும் கேட்கிறது.

2015 வெள்ளத்தில் முடிச்சூரில் வீட்டை இழந்தோம். தண்ணீர் வடிந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று உங்கள் தெருக்காரர்களைக் கேட்டுச் சொல்லுங்களேன்.
- வாசகி, சென்னை

கேட்டேன். மூன்று வீட்டிலும் முதலில் சொன்னது சேறுதான்: ஈரமாக இருக்கும்போதே தள்ளிவிடுங்கள், தண்ணீர் வடிய வடியக் கூடவே கழுவிக்கொண்டு வாருங்கள், காய்ந்தால் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். காலில் பூட்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள். ஓந்தோய்க்குப் பிறகு இங்கே எலிக்காய்ச்சல் பரவிப் பலர் இறந்தார்கள், காலில் இருந்த சின்னக் கீறல் போதுமாக இருந்தது. வெள்ளத்தில் நடந்தவர்கள் காய்ச்சல் வரும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள், தடுப்பு மாத்திரை இருக்கிறது.

எதிர்வீட்டு லோலா சொன்னது வேறு. புகைப்படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிய்க்கக் கூடாதாம். நல்ல தண்ணீரில் ஊற வைத்து, தானாக விட்டதும் படம் மேலே தெரிகிற மாதிரி நிழலில் பரப்ப வேண்டுமாம். அவருடைய கல்யாணப் படம் அப்படித்தான் தப்பியது. அவர் முகம் இருக்கிறது, தாத்தாவின் தோளுக்குக் கீழே மட்டும் பழுப்பாக ஒரு கறை.