ஐந்து மீட்டர் கேட்குமா அந்த மைக்?

கேள்வி: எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரே மேசையைச் சுற்றி ஆறு பேர். வாரம் இரண்டு முறை ஜூம் மீட்டிங். மூவாயிரம் ரூபாய்க்குள் யூஎஸ்பி மைக் வேண்டும். '360 டிகிரி, 5 மீட்டர், நாய்ஸ் கேன்சலேஷன்' என்று போட்டிருப்பதை வாங்கலாமா? – வாசகி, ஈரோடு

பதில்: அந்த 360 டிகிரி உண்மைதான். எல்லாப் பக்கமும் கேட்கும் ஓம்னி மைக் அது, நடு மேசைக்கு அதுதான் சரி. வில்லங்கம் ஐந்து மீட்டரில் இருக்கிறது. அவ்வளவு தூரத்திலிருந்து குரல் விழாது என்று சொல்லவில்லை. விழும். கூடவே சீலிங் ஃபேன், ஏசி, தெருவில் அடிக்கும் ஹாரன், வெறும் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி எல்லாமும் விழும். பேசுபவர் இருமடங்கு தள்ளிப் போனால் நேரே வந்து சேரும் குரல் 6 டெசிபெல் இறங்கிவிடும். ஃபேன் சத்தம் இறங்குமா? அது அப்படியே இருக்கும்.

நானும் இதில் பணத்தைத் தொலைத்தவன்தான். அட்டையில் இருந்த ஐந்து மீட்டரை நம்பி ஒன்று வாங்கி, ஹாலில் டிவி ஸ்டாண்டு மேல் வைத்தேன். சோபாவில் உட்கார்ந்து சித்தப்பா பேசியது மறுமுனைக்குப் போகவில்லை. சமையலறையில் ஓடிய மிக்ஸி தெளிவாகக் கேட்டதாம். நாய்ஸ் கேன்சலேஷனும் அப்படித்தான். அட்டையில் அச்சடிக்கக் கூடுதல் செலவா ஆகிவிடும்? ஜூமிலேயே இரைச்சலைக் குறைக்கும் வசதி இருக்கிறது, அதற்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள்.

எல்லாரும் ஒன்றரை மீட்டருக்குள் உட்கார முடிந்தால் உங்கள் பட்ஜெட் போதும். வயர் கொஞ்சம் நீளமாக இருக்கிறதா பாருங்கள். கொஞ்சம் கூடப் போட முடிந்தால் மைக்கும் ஸ்பீக்கரும் சேர்ந்த ஸ்பீக்கர்ஃபோன் வாங்குங்கள், ஸ்பீக்கர் சத்தம் மைக்கில் திரும்ப விழுந்து எதிரொலிப்பதை அதுவே அடக்கும். அப்புறம், ஃபேனை ஒரு பாயிண்ட் குறையுங்கள்.

கேள்வி: மைக்கில் யூஎஸ்பி-ஏ, லேப்டாப்பில் டைப்-சி மட்டும். வீணா?

பதில்: இல்லை. ஒரு சின்ன அடாப்டர் போதும்.

கேள்வி: ஆஃபரில் ஸ்டுடியோ கண்டென்சர் மைக் வாங்கிவிட்டேன். மூன்று முள் பிளக், லேப்டாப்பில் எங்கேயும் சேரவில்லை.

பதில்: சேராது. அதற்கு 48 வோல்ட் கொடுத்து லேப்டாப்போடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற தனிப் பெட்டி வேண்டும், அதன் விலை மைக் விலையையே தாண்டிவிடலாம். படத்தில் பிளக் தெரிந்திருக்குமே? தள்ளுபடியை மட்டும் பார்த்தால் இப்படித்தான்.

கேள்வி: டியூஷன் எடுப்பதற்காகக் கடையில் வாங்கிய மைக் இரண்டாம் நாளே ஊமையாகிவிட்டது. பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று இருக்கிறதாம், விரட்டிவிட்டார்கள். – ஆசிரியை, விருதுநகர்

பதில்: படிக்கவே எரிச்சலாக இருக்கிறது அம்மா. உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் அச்சடித்த வரி சட்டத்தை மாற்றாது. மைக்கைச் செருகியும் வேலை செய்யாததை வீடியோ எடுங்கள், பில்லோடு கடைக்கு எழுத்தில் கொடுங்கள். மசியவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. விடாதீர்கள்.

கேள்வி: புது மைக் மாட்டியும் குரல் பழையபடிதான். கடைக்காரரிடம் சண்டை போட்டுவிட்டேன்.

பதில்: ஜூம் செட்டிங்கில் இன்னும் லேப்டாப் மைக்கே தேர்வாகியிருக்கும். மாற்றிப் பாருங்கள். சரியாகிவிட்டால் கடைக்காரருக்கும் ஒரு போன் போடுங்கள்.