நடக்கும்போது ஆடுசதைக்குள் என்ன நடக்கிறது? கேள்வி பதில்

மெரினாவில் காலையில் நடப்பவர்கள் எல்லோரும் சொல்வது, “நடந்தால் ரத்த ஓட்டம் கூடும்.” தசைக்குள் எங்கே, எப்படிக் கூடுகிறது என்று நம் நடைக் குழுவினர் கேட்டிருந்தார்கள். மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் நடத்துபவள் என்பதால் எனக்கு மிகப் பிடித்த கேள்விகள் இவை.

மேடம், தசைக்குள் தந்துகிகள் வலை மாதிரி பின்னிக் கிடக்குமா? (திருவான்மியூர்)

தந்துகி என்பது மிக மெல்லிய ரத்தக் குழாய். பாடப்புத்தகப் படம் அப்படி நினைக்க வைக்கும். தசையில் பெரும்பாலான தந்துகிகள் தசை இழைகளை ஒட்டி, அவை போகும் திசையிலேயே நீளவாக்கில் ஓடுகின்றன. ஆங்காங்கே குறுக்கு இணைப்புகள் உண்டு. ரத்தத்தைக் கொண்டுவரும் சிறு குழாயான நுண்தமனியின் கடைசிக் கிளை ஒன்று ஏறக்குறைய 15, 20 தந்துகிகளுக்குப் படியளக்கிறது. 1 மில்லிமீட்டர் போவதற்குள் அவை ரத்தத்தைத் திருப்பி எடுத்துப்போகும் சிறு குழாயான நுண்சிரையில் சேர்ந்துவிடும்.

முக்கியமான விஷயம், தந்துகியின் சுவரில் தசை கிடையாது. திறப்பதும் சுருக்குவதும் நுண்தமனியின் வேலை. அது விரிந்தால் அந்தக் கூட்டம் முழுவதற்கும் ரத்தம் கூடும். நரம்பு ஒரே நேரத்தில் தூண்டும் இழைகளோ தசையில் சிதறிக் கிடக்கின்றன. அதனால் உழைக்கும் இழைக்குப் போகும் ரத்தத்தில் சும்மா இருக்கும் பக்கத்து இழைக்கும் பங்கு கிடைத்துவிடும். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கே வியப்பாக இருக்கும்.

தசை சுருங்கும்போது தந்துகி நசுங்காதா? (பெரம்பூர்)

இழை குறுகும்போது தந்துகி நெளிந்து வளையும், நீட்டினால் நேராகும். வலுவாக இறுக்கிப் பிடித்தால் ஓட்டம் தடைபடும், தளர்த்தியதும் பாயும். நடையில் இறுக்கமும் தளர்வும் மாறி மாறி வருவதால் கெண்டைக்காலுக்கு அது நல்லது.

சிவப்பணு தந்துகியைவிடப் பெரியதாமே? (அண்ணா நகர்)

ஆமாம். சிவப்பணுவின் விட்டம் 7 முதல் 8 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), தசைத் தந்துகி பெரும்பாலும் 5 மைக்ரானை ஒட்டித்தான் இருக்கும். அணு வளைந்து, ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் போகும். அந்த நெருக்கத்தில்தான் ஆக்ஸிஜன் இழைக்குள் இறங்குகிறது.

ஓய்வில் தந்துகிகள் மூடியிருக்கும் என்று படித்தேன். (மயிலாப்பூர்)

டென்மார்க்கின் ஆகஸ்ட் க்ரோக் சொன்னது அது. தந்துகி ஆய்வுக்காக 1920-ல் நோபல் பரிசு பெற்றவர். பின்னாளில் உயிருள்ள தசையை நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஓய்விலும் பெரும்பாலான தந்துகிகளில் சிவப்பணுக்கள் ஓடுவது தெரிந்தது. உழைக்கும்போது அந்த ஓட்டம் வேகமெடுக்கிறது.

ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தந்துகி முளைக்குமா மேடம்? (வேளச்சேரி)

முளைக்கும். தொடர்ந்து சில வாரங்கள் நடந்தாலோ ஓடினாலோ தசை இழைகளைச் சுற்றியுள்ள தந்துகிகளின் எண்ணிக்கை கூடும். விட்டுவிட்டால் குறையும்.

எனக்குச் சுகர் இருக்கிறது. (ராயபுரம்)

சர்க்கரை பல வருடம் கட்டுக்குள் இல்லாவிட்டால் தந்துகிச் சுவரின் மெல்லிய உறையான அடிச்சவ்வு தடிக்கும். நடங்கள் ஐயா. ஆனால் நடக்கும்போது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, நின்றதும் சரியாகிறது என்றால் பெரிய தமனியிலேயே அடைப்பு இருக்கலாம். அதை டாக்டரிடம் இந்த வாரமே காட்டுங்கள்.