எழுத்து, வீடு, ஓட்டம்: சில கேள்விகள்

பத்திரிகை வேலையை விட்டுச் சென்னையில் ஃப்ரீலான்ஸ் எழுத்தாளராக இருக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில்.

அக்கா, வேலையை விட்டுட்டு முழுநேரமா எழுதலாமா? (குரோம்பேட்டை வாசகி)

ஆறு மாத வீட்டுச் செலவு கையில் இருந்தால் விடலாம். எழுதுவது பாதி வேலை, காசைக் கேட்டு வாங்குவது மீதி. வார்த்தைக்கு எவ்வளவு, எத்தனை முறை திருத்தம், பணம் எந்தத் தேதியில் என்பதை முதலிலேயே மின்னஞ்சலில் பேசிக்கொள்ளுங்கள். "முதல் கட்டுரை சும்மா குடுங்க, அப்புறம் பார்க்கலாம்" என்பவர்களிடம் அந்த அப்புறம் வருவதே இல்லை. எனக்குச் சோறு போடுவது மொழிபெயர்ப்பும் கம்பெனிக் கையேடுகளும்தான். கதை எழுதுவது சனி, ஞாயிறில்.

எழுதிக் கொடுத்ததற்குத் தரும் பணத்தில் 10 சதவீதம் பிடிக்கிறார்களே, ஏமாற்றா?

இல்லை, அது டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி. உங்கள் பான் எண்ணில் அரசுக்குக் கட்டுகிறார்கள். ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது உங்கள் வரியில் கழியும்; வரியே வராவிட்டால் ரீஃபண்ட். பிடித்ததைக் கட்டினார்களா என்று வருமான வரித் தளத்தில் பார்த்துவிடுங்கள். ஜிஎஸ்டி பதிவு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான். அந்தக் கவலை வரும் நாளில் எனக்கு இனிப்பு வாங்கிக் கொடுங்கள்.

"வீட்ல சும்மாதானே இருக்க" என்கிறார்களே மேடம்?

கதவு சாத்தியிருந்தால் ஆபீஸ். மாமியாருக்கே பழகிவிட்டது. சிலிண்டர்காரருக்கு மட்டும் விலக்கு. மகன் பள்ளி விட்டு வந்ததும் கடையைக் கட்டிவிடுவேன்.

சென்னை வெயிலில் எப்படி ஓடுகிறீர்கள்?

வெயிலைவிடப் புழுக்கம்தான் படுத்தும். காற்றில் ஈரம் அதிகமானால் வியர்வை சரியாக ஆவியாகாது, உடம்பு குளிராது. அதனால் மே மாதத்தில் விடியற்காலை ஓடினாலும் நெஞ்சு படபடக்கும். மார்கழியில் ஓடிய வேகத்தை அப்போது எதிர்பார்க்காதீர்கள். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும். புதிதாகத் தொடங்குபவர்கள் ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடங்கள். மெரினாவில் கலங்கரை விளக்கத்திலிருந்து நேப்பியர் பாலம் பக்கம்வரை நடைபாதையிலேயே போகலாம், சிக்னல் தொல்லை இல்லை. வந்ததும் உப்புப் போட்ட மோர். சென்னை மாரத்தான் ஜனவரியில் நடப்பதும் இந்த வானிலைக்கு வசதி.

ஓடும்போது கதை தோன்றுமா?

எங்கே! யார் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் தோன்றும்.

ஷூ எப்படி வாங்குவது?

மாலையில் போங்கள், அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் இடம் விட்டு வாங்குங்கள். தம்பியின் பழைய ஷூ வேண்டாம்.