பாய்லரை மாத்தணுமா, ஹீட் பம்ப் போடணுமா?

கேள்வி: எங்க வீட்டு கேஸ் பாய்லருக்கு 22 வயசு ஆச்சுங்க. தண்ணியை சூடாக்கி ரூமுக்கு சூடு தர்ற ரேடியேட்டருக்கு அனுப்புற பழைய டைப். இப்பல்லாம் ஆன் ஆன கொஞ்ச நேரத்துலயே ஆஃப் ஆகுது, உடனே திரும்ப ஆன் ஆகுது. ரெண்டு ரேடியேட்டர்ல மேல சூடு, அடியில ஜில்லுனு இருக்கு. பாக்க வந்தவர் இதைவிட பெரிய பாய்லரா வைக்கச் சொல்றார், என் வீட்டுக்காரர் ஹீட் பம்ப்தான் (வெளிய இருக்குற சூட்டை கரண்ட்ல இழுத்து வீட்டுக்குள்ள தர்ற மெஷின்) வேணும்னு ஒத்தைக்கால்ல நிக்கிறார். யார் பேச்சை கேக்குறது?

பதில்: பெருசு வேண்டவே வேண்டாம்ங்க. அடிக்கடி ஆன் ஆஃப் ஆகுறதுக்கு பாய்லர் தேவைக்கு மேல பெருசா இருக்குறதே ஒரு காரணம், இன்னொண்ணு உள்ள இருக்குற வண்டல். ரேடியேட்டர் இரும்பு அரிச்சு கருப்பு சேறா அடியில தங்கிடும், அதான் கீழ ஜில்லுனு இருக்கு. இதை ஃப்ளஷ் பண்ணாம புதுசு மாட்டினா அந்த சேறு நேரா புது மெஷினுக்குள்ள போய் உக்காரும்.

வண்டலை எடுத்ததும், ஹீட் பம்ப் உங்க வீட்டுக்கு சரிப்படுமான்னு பாக்க காசில்லாத ஒரு டெஸ்ட் இருக்கு. நல்லா குளிர் அடிக்கிற சமயமா பாத்து ரேடியேட்டருக்கு போற தண்ணியை 70, 75 டிகிரியிலேர்ந்து 50க்கு இறக்கி, எல்லா வால்வையும் திறந்து விட்டு, ராத்திரியும் நிறுத்தாம ரெண்டு மூணு நாள் ஓட்டிப் பாருங்க (அதுக்கு மேல வேண்டாம், பழைய பாய்லர்னா உள்ள நீர் கோத்து அரிச்சிடும்). குளிக்கிற தண்ணிக்கு தனி டாங்க் இருந்தா அது மட்டும் 60லயே இருக்கட்டும், இல்லன்னா நுரையீரலை தாக்குற லெஜியோனெல்லா கிருமி வளர வாய்ப்பு இருக்கு.

வீடு கதகதப்பா இருந்துச்சா, வீட்டுக்காரர் ஜெயிச்சார்னு வெச்சுக்கோங்க. ஹீட் பம்ப் 1 யூனிட் கரண்டுக்கு சுமாரா 3 யூனிட் சூடு தரும், ஆனா தண்ணி எவ்ளோ சூடா வேணும்னு கேக்குறீங்களோ அவ்ளோ அந்த கணக்கு இறங்கும். ஒண்ணு ரெண்டு ரூம் மட்டும் குளிர்ந்தா அங்க பெரிய ரேடியேட்டர் மாட்டினா போதும். வீடே நடுங்குச்சுன்னா முதல்ல கூரை இன்சுலேஷன், ஜன்னல் இடுக்கு இதையெல்லாம் பாருங்க, மெஷின் அப்புறம்.

கேஸ்லயே இருக்கப் போறீங்கன்னாலும் இந்த டெஸ்ட் வீண் இல்ல. இப்ப வர்ற கண்டென்சிங் பாய்லர், திரும்பி வர்ற தண்ணி 55 டிகிரிக்கு கீழ இருந்தாத்தான் புகையில போற சூட்டை நல்லா பிடிக்கும். 75ல வெச்சு ஓட்டினா அந்த மிச்சம் பெருசா கிடைக்காது, இதை விக்கிறவங்க சொல்றதே இல்ல.

எதை வாங்கினாலும் ரூம் ரூமா சுவர், ஜன்னல், கூரை அளந்து எவ்ளோ சூடு வெளிய போகுதுன்னு கணக்கு போடுறவர்கிட்ட வேலையை குடுங்க. வாசல்ல நின்னுட்டே சைஸ் சொல்றவருக்கு ஒரு காபி குடுத்து அனுப்பிடுங்க.

மாத்துற வரைக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணு கட்டாயம் வாங்கி மாட்டுங்க, அந்த விஷ வாயுவுக்கு வாசனையே கிடையாது. நீலமா எரியுற தீ மஞ்சளா மாறினாலோ, பாய்லர் ஓரமா கரி படிஞ்சாலோ, வீட்ல இருக்கும்போது மட்டும் எல்லாருக்கும் தலைவலி வந்தாலோ உடனே பாய்லரை ஆஃப் பண்ணி, ஜன்னலை திறந்துட்டு வெளிய வந்து ஆளை கூப்பிடுங்க.