ஜெர்மனியின் சின்னச் சின்ன ஒயின் கிராமங்களில் ஊரே சேர்ந்து தொழில் செய்கிறது என்கிறார்களே, அது எப்படி?

மைஷோஸ் என்ற ஊரை வைத்தே சொல்கிறேன். ஆர் என்ற சிற்றாற்றின் கரையில், ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். செங்குத்துச் சரிவில் கல் அடுக்கித் தளம் தளமாகக் கட்டி, அதில் திராட்சைக் கொடி வளர்க்கிறார்கள். அடியில் சிலேட்டுப் பாறை, நம் தாத்தாக்கள் எழுதிய சிலேட்டின் அதே கல். பகல் வெயிலைப் பிடித்துவைத்து ராத்திரியில் விடும். அந்தக் குளிர்நாட்டில் சிவப்பு ஒயினுக்கான பினோ நுவார் என்ற திராட்சை பழுக்க அதுவும் ஒரு காரணம்.

ஆளுக்குத் துண்டு துண்டாக நிலம். தனித்தனியே விற்கப் போனால் வியாபாரி வைத்ததுதான் விலை. அதனால் 1868-லேயே கூட்டுறவுச் சங்கம் தொடங்கிவிட்டார்கள். ஜெர்மனியின் மிகப் பழைய திராட்சை விவசாயிகள் சங்கங்களில் ஒன்று அது. பழம் அவரவர் தோட்டத்தில். பிழிவது, புளிக்கவைப்பது, விற்பது எல்லாம் பொது.

2021 ஜூலை வெள்ளத்தில் ஆர் பள்ளத்தாக்கே நாசமானது. நிலவறைகளில் இருந்த பாட்டில்கள் சேற்றில் புதைந்தன. அவற்றைக் கழுவாமல், சேறு காய்ந்தபடியே ‘வெள்ள ஒயின்’ என்று நிவாரணத்துக்கு விற்றார்கள் ஆர் விவசாயிகள். சரிவில் உயரத்தில் இருந்த கொடிகள் தப்பின. அந்த இலையுதிர்கால அறுவடைக்கு வெளியூர்க்காரர்களும் கைகொடுத்தார்கள்.