நாற்பதுக்கு மேல் விளையாட்டு கிளப்பில் சேர்ந்தால் உடம்புக்கு உண்மையிலேயே நல்லதா?

டாக்டர் ரிப்போர்ட்டைக் காட்டி மிரட்டியிருப்பார், நீங்களும் ஜிம்முக்கு ஒரு மாதம் போய்விட்டு நின்றிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தப்பென்றால் மன்னியுங்கள், என் கதை அதுதான்.

43 வயதில் பேட்மிண்டன் கிளப்பில் சேர்ந்தேன். முதல் நாளே வார்ம் அப் எதுவும் இல்லாமல் இளவட்டங்களோடு இறங்கினேன். பத்தே நிமிடத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு மூன்று வாரம் நொண்டினேன். புத்தியில்லாமல் இறங்கியது என் தப்பு. புதிதாக வந்தவனிடம் ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லாதது கிளப்பின் தப்பு.

அத்தோடு விட்டிருப்பேன். நாலாவது வாரம் ஒரு போன்: "என்ன சார், நாலாவது ஆள் இல்லாம டபுள்ஸே நடக்கல!" ஜிம்முக்கு நான் போகாமல் நின்றபோது ஒருத்தரும் கேட்கவில்லை. ஆறு வருடமாகப் போகிறேன் என்றால் அந்த போன்தான் காரணம்.

இதை என் அனுபவம் என்று மட்டும் தள்ளிவிடாதீர்கள். ஸ்காட்லாந்தில் கால்பந்து கிளப்புகள், 35 முதல் 65 வயதுள்ள, எடை கூடிய ஆண் ரசிகர்களுக்கு 12 வாரப் பயிற்சி நடத்தின. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், சேராதவர்களைவிட அவர்களுக்குச் சராசரியாக ஏறக்குறைய 5 கிலோ அதிகம் குறைந்திருந்தது. 2014இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. டயட் வகுப்பு என்று கூப்பிட்டிருந்தால் அதில் பாதிப் பேர் வந்திருப்பார்களா? தன் அணியின் மைதானம் என்பதால் வந்தார்கள் என்பது என் எண்ணம்.

உடனே "நடந்தாலே போதுமே" என்பீர்கள். போதும்தான், நடக்கிறவர்களுக்கு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, கூடவே குறைந்தது இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. கிளப்பில் ஒரு மணி நேரம் இருந்தால் பாதி பெஞ்சில்தான் போகும், அதைச் சேர்த்துக் கணக்குப் போடாதீர்கள். நெஞ்சில் ஏதாவது தொந்தரவு இருந்தால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.

பள்ளியில் விளையாட்டு பீரியடைக் கணக்கு வாத்தியார் பிடுங்கிக்கொள்ளாமல் இருந்திருந்தால் இதெல்லாம் முன்பே பழகியிருக்கும். முப்பது வருடமாகியும் அந்தக் கோபம் போகவில்லை. சரி, அது வேறு கதை.

சேரும் முன் ஒன்று விசாரியுங்கள்: புதியவர்களுக்குத் தனி நேரம் உண்டா? எங்கள் கிளப்பில் மாலை ஆறு முதல் எட்டு வரை போட்டி அணிக்கு மட்டும். சர்க்கரைக்காரர்களும் முதல்முறை மட்டை பிடிக்கும் பெண்களும் ஒன்பது மணிக்குமேல் வரவேண்டும். ஜெயிக்கிற பையன்கள்மேல் எனக்குப் பொறாமை இல்லை. வாரத்தில் இரண்டு நாளாவது அந்த ஆறு முதல் எட்டு வரையான நேரத்தைப் புதியவர்களுக்குக் கேட்டு கமிட்டிக்கு இரண்டு தடவை எழுதிக் கொடுத்தோம். போன மாதம் கோப்பை வைக்கப் புது அலமாரி வாங்கியிருக்கிறார்கள்.